இழுக்கிற வலியா, குத்துகிற வலியா?

"அதை வீட்டிலேயே செய்யக்கூடாதா?" என்று என் மைத்துனர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, கீமோதெரபியும் முடிந்து, உடம்பு மெல்லத் தேறிக்கொண்டிருந்த சமயம் அது. வாரம் இருமுறை மருத்துவமனையின் பின்பக்கக் கூடத்துக்குப் போகிறேன், உடம்பிலிருந்து எதையோ வெட்டிக் கொடுத்துவிட்டு வந்த மற்றவர்களோடு சேர்ந்து கை காலை அசைத்து உடற்பயிற்சி செய்துவிட்டு வருகிறேன் என்று சொன்னதும், அவருக்கு அது வீண் அலைச்சலாகப் பட்டது. ஓய்வெடுக்க வேண்டிய ஆள் ஏன் ஊர் சுற்ற வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதில் நியாயம் இருந்ததுதான் காரணம். அந்தக் கூடத்தில் நாங்கள் செய்தது எதுவும் பெரிய வித்தை அல்ல. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது, ரப்பர் பட்டையை மார்புக்கு நேராக இழுப்பது, மூச்சை அடிவயிறுவரை இழுத்து விடுவது. எல்லாம் படத்தோடு ஒரே தாளில் அச்சாகி என் மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தொடைத் தசைக்குத் தெரியப்போவதில்லை. போதாததற்கு நான் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிற ஆள். நடைப்பயிற்சிக்குக்கூடத் துணை சேர்த்துக்கொண்டதில்லை. கூட வருகிறவர் பேச ஆரம்பித்தால் என் வேகம் போய்விடும். அப்படிப்பட்டவன் எதற்காக உடை மாற்றிக்கொண்டு, பஸ் பிடித்து, அரை நாளைச் செலவழித்து அங்கே போகிறேன்? எனக்கே விளங்காத ஒன்றை அடுத்தவரிடம் நியாயப்படுத்துவது எரிச்சல் தரும் வேலை. "டாக்டர் சொன்னார்" என்று முடித்துக்கொண்டேன். அது பாதி உண்மை. டாக்டர் பயிற்சி செய்யச் சொன்னார். கூட்டத்தோடு செய்யச் சொல்லவில்லை.

பயிற்சி தேவையா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. என் நோயைப் பொறுத்தவரை அதற்கு வலுவான சான்று இருக்கிறது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் முன்னின்று நடத்திய 'சேலஞ்ச்' ஆய்வின் முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் அதைத் தொடர்ந்து கீமோதெரபியும் முடித்த 889 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பாதிக்கு மூன்று ஆண்டு காலத் திட்டமிட்ட பயிற்சி. மறுபாதிக்கு உடற்பயிற்சியின் நன்மைகளையும் நல்ல உணவுப் பழக்கத்தையும் விளக்கும் கையேடு மட்டும். ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பாமலும் புதிதாக வேறு புற்று தோன்றாமலும் உயிரோடிருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80.3 சதவீதம், கையேட்டுப் பிரிவில் 73.9. எட்டு ஆண்டுக் கணக்கில் உயிரோடிருந்தவர்கள் 90.3 சதவீதம், 83.2 சதவீதம். இத்தனைக்கும் அவர்களிடம் கேட்டது மலையேற்றம் அல்ல. வழக்கமாகச் செய்வதற்கு மேல், வாரத்துக்கு மூன்று நான்கு முறை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை விறுவிறுப்பான நடைக்கு ஈடான உழைப்பு. தசை, மூட்டுத் தொந்தரவுகள் பயிற்சி செய்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தன (18.5 சதவீதம், மற்றவர்களுக்கு 11.5). அதையும் மறைக்காமல் எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த ஆய்வில் என் கண் நின்ற இடம் வேறு. கையேடு இரண்டு பிரிவினருக்குமே கிடைத்தது. பயிற்சி நல்லது என்ற செய்தி எல்லோருக்கும் தெரியும். ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மனிதர் இருந்தார்: ஆரம்பத்தில் அடிக்கடியும் பிறகு மாதம் ஒருமுறையும் உட்கார்ந்து, "போன தடவை சொன்னதைச் செய்தீர்களா, எங்கே தடுக்கிறது, என்ன மாற்றலாம்" என்று கேட்கிற ஒருவர். மேசைமேல் கிடந்த என் தாளை அன்று வேறு கண்ணோடு பார்த்தேன். ஆனால் வழக்கைப் பாரபட்சமில்லாமல் நடத்த வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆய்வு கூட்டத்துக்குச் சாட்சி சொல்லவில்லை. யாராவது ஒருவர் விடாமல் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் சாட்சி. மைத்துனர் கெட்டிக்காரர், "அப்படியானால் நானே போன் போட்டுக் கேட்கிறேன்" என்று சொல்லியிருப்பார்.

நாற்காலி வட்டம்

கூட்டத்தின்மேல் எனக்கு இருந்த அவநம்பிக்கை சும்மா வந்ததல்ல. பயிற்சிக் கூடத்துக்குப் போவதற்கு முன்பே ஓர் ஆதரவுக் குழுவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வட்டமாகப் போட்ட நாற்காலிகள், நடுவில் ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. ஒவ்வொருவராகப் பேச வேண்டும். பேசுகிறவர் முகத்தை மற்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அழுவதற்கான ஏற்பாடுகளோடு ஓர் அறை காத்திருக்கும்போது எனக்கு அழுகை வருவதில்லை, வாயும் திறப்பதில்லை. என் முறை வந்தபோது பெயரையும் எந்த உறுப்பு என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே வந்திருந்த சிலருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது என்பதைக் கண்ணாலேயே பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழுக்களைப் பற்றி ஒரு பெரிய நம்பிக்கை உலவுகிறது. மனம் விட்டுப் பேசினால் ஆயுள் நீளும் என்பது அது. இதுவும் ஆய்விலிருந்து பிறந்ததுதான். 1989-இல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயோடு இருந்த 86 பெண்களைப் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். வாராந்தரக் குழுவில் பங்கேற்றவர்கள் சராசரியாக 36.6 மாதமும் பங்கேற்காதவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்தார்கள் என்றது அந்தக் கட்டுரை. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு கனடாவில் பமீலா குட்வின் தலைமையில் 235 பெண்களைக் கொண்டு பெரிய அளவில் செய்து பார்த்தபோது, 2001-இல் வந்த விடை: ஆயுள் நீளவில்லை, ஆனால் மனச்சோர்வு குறைந்தது, வலியின் கடுமை குறைந்ததாக உணர்ந்தார்கள். 2007-இல் ஸ்பீகலே மறுபடி செய்து பார்த்தார். அவருக்கும் மொத்தத்தில் பழைய முடிவு கிடைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் வந்தது. பேசினால் பிழைப்பாய் என்றால், பேசாதவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று ஆகிவிடும். தைரியமாக இரு, சிரித்துக்கொண்டே இரு, நோயோடு போராடு என்று சொல்கிறவர்கள் இந்தப் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை. நோய் திரும்பி வந்தவர் போதுமான அளவு சிரிக்கவில்லை என்றா அர்த்தம்? குழுவிடம் ஆயுளைக் கேட்கக் கூடாது. வலி கொஞ்சம் குறைந்தால் அது சின்ன விஷயமா என்ன? வலியோடு ஓர் இரவைக் கழித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சுவரைப் பார்த்தபடி

பயிற்சிக் கூடத்தின் ஒரு சுவரில் நீளமான காகிதத் துண்டுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். மார்பக அறுவைச் சிகிச்சையும் அக்குளில் நிணநீர்க்கணுக்களை அகற்றும் சிகிச்சையும் முடிந்தவர்களுக்கானவை அவை. சுவரை ஒட்டி நின்று, விரல்களை எறும்பு ஊர்வதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடும் பக்கத்தில் தேதியும். அறுவை முடிந்த சில வாரங்களில் சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கைவரை, சில சமயம் அதற்கும் கீழே, தோலுக்கடியில் கயிறு இழுத்துக் கட்டியதுபோல விறைத்துக்கொள்ளும். கையைத் தூக்கினால் அந்தக் கயிறு கண்ணுக்கே தெரியும். பெரும்பாலும் சில மாதங்களில் தளர்ந்துவிடுகிற ஒன்றுதான். ஆனால் முதல்முறை பார்ப்பவர்கள் வெலவெலத்துப் போவார்கள்.

எனக்கு அதே சுவரில் வேறு வேலை. இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, நின்றபடியே தண்டால். ஒருநாள் எனக்குப் பக்கத்தில் விரல் ஏற்றிக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற கணக்காசிரியை. எங்கள் எல்லோருக்கும் எண்ணுகிற பொறுப்பை அவர் தாமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். எட்டுக்குப் பிறகு ஒன்பது வரச் சற்று நேரமாகும். பத்து அதைவிட மெதுவாக வரும். அன்று அவர் எண்ணிக்கையை நிறுத்தாமலேயே, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "ஐந்து... நீங்களும் குளித்து முடித்ததும் உட்கார்ந்துவிடுகிறீர்களா?... ஆறு."

ஆமாம். குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டுவதற்குள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிடுவேன். சட்டை மடிமேல் கிடக்கும். பொத்தான் போடுகிற வேலை ஏதோ பெரிய காரியம்போல எதிரே நிற்கும். என் மனைவி அதை மனக்கவலை என்று நினைத்தாள். டாக்டரிடம் கேட்க எனக்குக் கூச்சம். இவ்வளவு பெரிய சிகிச்சையை முடித்துவிட்டு, குளித்தால் களைக்கிறது என்று போய்ச் சொல்வதா? ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் சொன்னேன். அதுவும் சுவரைப் பார்த்தபடியேதான். "சட்டை போட முடிவதில்லை அம்மா." அவர், "ஏழு. எனக்கு முடி வார முடிவதில்லை. நாற்காலியைக் குளியலறைக்குள்ளேயே போட்டுவிட்டேன். எட்டு" என்றார். பத்து வந்தது. இருவரும் கையை இறக்கினோம். பேச்சும் அங்கேயே முடிந்தது. அவர் பென்சிலை எடுத்துக் கோடு போடப் போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. நாற்காலி வட்டத்தில் என்னால் திறக்க முடியாத வாய் இங்கே எப்படித் திறந்தது? அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் கையில் ஒரு வேலை இருந்தது. சொன்னதற்குப் பதிலாக ஆறுதல் வரவில்லை; ஒரு நாற்காலி வந்தது. எல்லாவற்றையும்விட, பேச்சுக்கு ஓர் அளவு இருந்தது. பத்து எண்ணி முடிந்தால் முடிந்தது. நெஞ்சைத் திறந்தவன் அதை எப்போது மூடுவது என்று தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் இல்லாத வசதி இது. அவர்களுடைய முகம் வாடுவதைப் பார்த்து நாம்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

ஆண்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். டென்மார்க்கில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஆண்களைக் கால்பந்து ஆட வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சிகிச்சை தசையைக் கரைக்கும். 57 பேரை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2014-இல் வெளியானது. 12 வாரம் ஆடியவர்களுக்குத் தசை எடை கூடியிருந்தது. ஆட்டம் முடிந்து உடை மாற்றும்போது அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. முக்கால்வாசி நேரம் தவறவிட்ட கோலைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். மீதிக் கால்வாசியில், யாராவது ஒருவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தபடி, சிறுநீரை அடக்க முடியவில்லை என்று சொல்லியிருப்பார்.

அந்தச் சுவர்ப் பேச்சுக்குப் பிறகு என் காது திறந்துகொண்டது. கூடத்தில் புதிதாக ஒருவர் "வலிக்கிறது" என்று சொன்னால் பழையவர்கள் பதறுவதில்லை என்பதைக் கவனித்தேன். அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இழுக்கிற வலியா, குத்துகிற வலியா?" இழுக்கிற வலி என்றால் தையல் ஆறிய தோல் நீள்கிறது, நிதானமாகத் தொடரலாம். குத்துகிற வலி என்றால் நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்டைக் கூப்பிட வேண்டும். சிவந்து சூடாக இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, புதிதாக வீங்கியிருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். எதற்காவது ஆமாம் என்றால் பயிற்சியே கிடையாது, நேராக டாக்டரிடம். என் வீட்டில் "வலிக்கிறது" என்ற சொல்லுக்கு அப்படிப்பட்ட நிதானம் இல்லை. சொன்ன மறுநிமிஷம் மனைவியின் கை போனுக்குப் போகும், மகள் வேலையிலிருந்து கிளம்பிவிடுவாள். அவர்கள் அன்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அபாய மணியாக அடிக்கிற வீட்டில் மனிதன் மெல்ல மெல்ல ஊமையாகிவிடுகிறான். வலியைச் சாதாரணமாகப் பேச எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

தூக்காதே

அன்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் அறுவைக்குப் பிறகு ஒருவருக்கு அதிகம் கிடைக்கும் பொருள் தடையுத்தரவுதான். தூக்காதே, குனியாதே, படி ஏறாதே, பையை என்னிடம் கொடு. இவற்றில் சிலவற்றுக்குக் காரணம் உண்டு. வயிற்றைத் திறந்து மூடியவர்கள் முதல் சில வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாதுதான். தையல் விட்டுக் குடலிறக்கம் வந்துவிடக்கூடும். சிக்கல் என்னவென்றால், தடைக்குத் தொடக்கத் தேதி இருக்கிறது, முடிவுத் தேதி இருப்பதில்லை. எங்கள் குழுவில் ஒரு பெண்மணி, அறுவைச் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல ஆகியும், இடது கையால் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக்கூட எடுக்காதவராக வந்து சேர்ந்தார். கை வீங்கிவிடும் என்று அந்தக் காலத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது.

அப்படிச் சொன்னவரைத் திட்ட முடியாது. ஒரு காலத்தில் மருத்துவர்களே அதைத்தான் சொன்னார்கள். அக்குள் நிணநீர்க்கணுக்களை எடுத்துவிட்டால் நிணநீர் வடியும் வழி குறைகிறது. கையைத் திரும்பத் திரும்பக் கடுமையாக அசைத்தால் வீக்கம் வரும் அல்லது கூடும் என்று நம்பினார்கள். 1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர் இந்த நம்பிக்கையைச் சோதிக்க ஒரு முரட்டு வழியைத் தேர்ந்தெடுத்தார். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 24 பெண்களைத் திரட்டி, பயிற்சி கொடுத்து, பலர் வரிசையாக உட்கார்ந்து ஓட்டும் நீளமான டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். மேலுடம்பு முழுவதையும் விடாமல் இயக்குகிற வேலை அது. தடையுத்தரவுக்கு நேர் எதிரானது. யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை என்று 1998-இல் எழுதினார். 24 பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான். ஆனால் அந்தப் பெண்கள் துடுப்பைக் கீழே வைக்க மறுத்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க அப்படிப்பட்ட படகுக் குழுக்கள் இருக்கின்றன.

விஞ்ஞானத்துக்குத் தேவையான பெரிய ஆதாரம் பின்னால் வந்தது. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையிலான குழு, ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களைப் படிப்படியாக எடை தூக்க வைத்தது. வீக்கம் கூடவில்லை, திடீரென மோசமாவது குறைந்தது. இது 2009-இல் வெளியானது. மறு ஆண்டு, வீக்கம் வராத ஆனால் வரக்கூடிய அபாயம் உள்ள 154 பேரைப் பற்றிய முடிவு: எடை தூக்கியவர்களில் 11 சதவீதத்தினருக்கு வீக்கம் வந்தது, தூக்காதவர்களில் 17 சதவீதத்தினருக்கு. குறைந்த எடையில் தொடங்குவது, மெதுவாகக் கூட்டுவது, வீக்கம் உள்ளவர்கள் கையில் இறுக்கமான அழுத்த உறை அணிந்துகொள்வது என்ற ஒழுங்கோடு செய்தார்கள்.

எங்கள் பிசியோதெரபிஸ்ட் இளம்பெண். இதையெல்லாம் அந்தப் பெண்மணியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பெண்மணி தலையாட்டினாரே தவிர, டம்பெல் பக்கம் போகவில்லை. சில வகுப்புகள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்தார் என்றால், தன்னைப் போலவே அக்குளில் தழும்பு உள்ள, தன்னைவிட வயதில் மூத்த கணக்காசிரியை ஒரு கிலோ டம்பெலை மடக்கி நீட்டுவதை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னார், தொட்டும் பார்த்தார். "அக்கா, ராத்திரி கனக்கவில்லையே?" என்று கேட்டார். "கனத்தால் உங்களிடம் காட்டாமலா இருப்பேன்?" என்றார் ஆசிரியை. அடுத்த வகுப்பில் அந்தப் பெண்மணி அரைக் கிலோ எடுத்தார். பயிற்சி வீடியோக்களில் வருகிறவர்கள் எல்லோரும் வெட்டுப்படாத உடம்புக்காரர்கள். அவர்களால் கையைத் தூக்க முடிவதில் நமக்கு என்ன சேதி இருக்கிறது?

எனக்கு அந்தச் சேதியைக் கொண்டுவந்தவர், மலம் சேர வயிற்றில் பை வைத்திருந்த இளைஞர். என்னைவிடப் பாதி வயது. படுக்கையிலிருந்து நேராக எழாமல், முழங்காலை மடக்கி, உடம்பை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் புரட்டி, காலைத் தொங்கவிட்டுக்கொண்டே கையை ஊன்றி எழுவதை எனக்கு மருத்துவமனையில் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளவும் சொல்லியிருந்தார்கள். அவர் சொல்லிக்கொடுத்தது அதற்கு மேல் உள்ளவை. வகுப்புக்கு வருமுன் பையைக் காலி செய்துவிட வேண்டும். பாதி நிறைந்த பையோடு குந்தினால் கவனம் முழுக்க அங்கேதான் இருக்கும். எடையைத் தூக்குகிற கணத்தில் மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். சத்தம் வந்தால் யாரையும் பார்க்காமல் பயிற்சியைத் தொடர வேண்டும். "ஒருமுறை எல்லோரும் அமைதியாக மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது என் பை பேசிவிட்டது அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் வெளியே சாப்பிடவே போக ஆரம்பித்தேன்" என்றார். கூடத்தில் ஒருமுறை சிரிப்பு வந்துவிட்ட விஷயத்துக்கு வெளியே அவ்வளவாகப் பயம் இருப்பதில்லை.

கூட்டத்தின் தொல்லைகள்

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் பொய். பட்டுத் தெரிந்தவர்களின் அறிவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. சிலருக்கு அது தெரிவதில்லை. தன் உடம்பில் நடந்ததை எல்லோர் உடம்புக்கும் சட்டமாக்குகிறவர்கள் எந்தக் குழுவிலும் இருப்பார்கள். ஹார்மோன் மாத்திரை மூட்டு வலி தருகிறது, நான் நிறுத்திவிட்டேன், நீங்களும் நிறுத்திப் பாருங்கள் என்று ஒருவர் சொல்ல, பிசியோதெரபிஸ்ட் அன்று முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். பாதையில் முன்னால் போனவருக்குப் பாதை தெரியும். நம் கட்டியின் தன்மை தெரியாது. பயிற்சி பெற்ற ஒருவர் அறையில் இல்லாத குழுவை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதும் நடக்கும். சுவரில் தேதியோடு கோடு போட்டால் பக்கத்துக் காகிதத்தைப் பார்க்காமல் இருக்க மனிதனால் முடியுமா? கதிர்வீச்சு எடுத்தவருக்குத் தோளும் மார்பும் இறுகி, கோடு வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். பிசியோதெரபிஸ்ட் காகிதங்களைத் தள்ளித் தள்ளி ஒட்டிப் பார்த்தார். எட்டிப் பார்க்கிறவர்கள் எட்டித்தான் பார்த்தார்கள்.

பிறகு, வராமல் போகிறவர்கள். ஒருவர் தொடர்ந்து வராவிட்டால் முதலில் வெளியூர் என்று நினைத்துக்கொள்வோம். அப்புறம் யாரும் காரணம் கேட்பதில்லை. நோய் திரும்பியிருப்பதை ஒருவர் ஸ்கேன் முடிந்த வாரம் வகுப்பிலேயே வந்து சொன்னார். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்று பயிற்சி அரைகுறையாக நின்றது. வீட்டிலேயே பயிற்சி செய்திருந்தால் எனக்கு அந்த நாள் இல்லை. அவர் செய்தியை நான் கேட்டிருக்க வேண்டியதில்லை, அடுத்த ஸ்கேனுக்கு முன்னால் அவர் முகம் எனக்கு நினைவு வந்திருக்காது. மைத்துனரின் கேள்விக்கு இந்த ஒரு கோணத்தில் என்னிடம் பதில் இல்லை. கூட்டத்தோடு சேர்ந்தவன் கூட்டத்தின் செய்திகளையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதைத் தாங்க இப்போது தெம்பில்லை என்று ஒருவர் வீட்டிலேயே தாளைப் பார்த்துச் செய்தால், அவரை வற்புறுத்த எனக்கு மனம் வராது. வாரம் மூன்று முறை அரை மணி நேர நடை, இரண்டு முறை தசைப் பயிற்சி என்று 2019-இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை சொல்வதை வீட்டிலும் செய்யலாம். யாராவது ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் கூடத்தில் வேறு ஒரு சண்டை நடக்கிறது. திட்டத்துக்கு ஒரு கால அளவு உண்டு. முடித்தவர்கள் இடத்தைக் காலி செய்தால்தான் காத்திருப்பவர்கள் உள்ளே வர முடியும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். பழையவர்களுக்குப் போக மனமில்லை. இதில் நான் அவர் பக்கம்தான். தேறியவர்கள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்காருவது முறையல்ல. ஆனால் எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டால், வருகிற குழுவில் அத்தனை பேரும் புதியவர்களாக இருப்பார்கள். கையை யார் காட்டுவது, இழுக்கிற வலியா என்று யார் கேட்பது? ஒவ்வொரு குழுவிலும் பழையவர்கள் இரண்டு மூன்று பேரை விட்டுவைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிசியோதெரபிஸ்டுக்கு யோசனை பிடித்திருக்கிறது. மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். அந்த இரண்டு மூன்று பேர் யார் என்பதில்தான் தகராறு. கணக்காசிரியை தன் பெயரைப் பட்டியலில் முதலாவதாகத் தானே எழுதிவிட்டார். இரண்டாவதாக அந்த இளைஞர் பெயரை நான் எழுதினேன்.